பால்கனி உள்ள அறை

சௌகத் பாயின் போன் வந்தபோது காலேப் மாடம்பாக்கத்தில் மளிகைக் கடை டெலிவரிக்காக ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்கு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான். லிஃப்ட் இருக்கிற கட்டடம்தான். ஆனாலும் அவன் படியில்தான் ஏறுவான். யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது என்பான்.

"தம்பி, கப்பல் கிளம்புது," என்றார் பாய். "நவம்பர்ல. உன் பேரு லிஸ்ட்ல மேல கீது. இன்னா சொல்றே?"

காலேப் மூட்டையைப் படியில் இறக்கி வைத்தான். "வீட்ல பேசிட்டுச் சொல்றேன் பாய்."

சரக்குக் கப்பல் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் விடுமுறைக்கு ஏறி ஊர் ஊராகச் சுற்றும் பதினான்கு மாடிச் சொகுசுக் கப்பல். அதில் பத்து வருடம் பயணிகளின் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டாக இருந்தவன் காலேப். காலையில் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், சாயங்காலம் துண்டை மடித்து யானையோ அன்னமோ செய்து கட்டிலில் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் சௌகத் அலி. மேற்குத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி, ஒரு செல்போன் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ்.

கொரோனா வந்த மார்ச் மாதம் பயணிகளை ஒரு துறைமுகத்தில் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைக்காரர்களை இறக்கிவிட எந்த ஊரும் சம்மதிக்கவில்லை. கப்பல் மணிலாவுக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. ஏழு பேருக்குக் காய்ச்சல் என்றதும் ஆளுக்கு ஓர் அறையைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். எண்பத்தொரு நாள்.

சிலருக்குப் பயணிகளின் அறை கிடைத்தது. பால்கனி, சாய்வு நாற்காலி, கடல் காற்று. காலேபுக்குக் கிடைத்தது நாலாம் தளத்தில் உள்பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று சொல்ல முடியாது. மூன்று வேளையும் கதவைத் தட்டிச் சாப்பாட்டை வாசலில் வைப்பார்கள். தட்டியவன் தூரமாகப் போனபிறகுதான் திறக்க வேண்டும். நாளைக்குக் கால் மணி நேரம் மேல்தளத்தில் நடக்க விட்டார்கள், காற்று பலமாக அடித்தால் அதுவும் ரத்து. அடுத்த வாரம் விமானம் என்று ஒலிபெருக்கியில் கேப்டன் சொல்வார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். காலேப் கட்டில் விரிப்பைக் கலைத்து மறுபடி விரிப்பான். இருந்த இரண்டு துண்டுகளையும் யானையாக, குரங்காக, ஆமையாக மடித்து மடித்ததில் அவை நூல் பிரிந்துபோயின. கடைசி மாதத்தில் தரையில் படுத்து, கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டுதான் தூங்கினான்.

இது எதுவும் சேலையூரில் இருந்த மனைவி ஜெரூஷாவுக்குத் தெரியாது. முதல் வாரமே வீடியோவில் மகள் ஜோவிதா கேட்டாள்: "அப்பா, உன் ரூம்லேர்ந்து கடல் தெரியுதா?" மகளுக்கு அப்போது ஐந்து வயது. காலேப் தெரியுது என்று சொல்லிவிட்டான். போனைத் தேடி, எப்போதோ அவன் சுத்தம் செய்த ஒன்பதாம் தளத்து அறையின் படத்தை அனுப்பினான். அதில் பால்கனி இருந்தது, நீலமாகக் கடல் இருந்தது. இதுதான் அப்பா ரூம். அதற்குப்பிறகு தினமும் ஒரு பொய். இன்றைக்கு டால்பின், இன்றைக்கு மழை. பால்கனிக்குப் போய்க் காட்டச் சொன்னால், வெளியே சிக்னல் இல்லை என்பான்.

வீடு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டான். உள்ளே ஆள் இருப்பது தெரிய எதையாவது பாடிக்கொண்டிருப்பான். சர்ச்சில் கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவான். சோம்பேறித்தனம் என்று ஜெரூஷா நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுக்கும் ஆன்லைன் வகுப்பை முடித்து லேப்டாப்பை மூடியதும் விஷயத்தைச் சொன்னான்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

"நல்ல சான்ஸ்தான்."

"ம்."

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது அவனுடைய பெரிய நீலப் பெட்டி பரணிலிருந்து இறங்கி, வாசலில் வாயைத் திறந்துகொண்டு வெயிலில் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாதிச் சம்பளம். அவனுக்குக் கடை வேலை. அவள் பெட்டியை இறக்கியதில் என்ன தப்பு? இனி முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை பாயின் ஆபீசுக்குப் போனான். பல்லாவரத்திலிருந்து வாஜித் என்று ஒருவன் வந்திருந்தான். ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவன், கப்பலுக்குப் புதிது. பாய் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, கம்பெனியின் புது விதிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"பேசஞ்சர் பாதிப் பேருதான். எல்லாரும் ரெண்டு ஊசி போட்டிருக்கணும். பஃபேல யாரும் கையால எடுக்கக் கூடாது, நீங்கதான் பரிமாறணும். சரியா? வேலை செய்றவங்களுக்கு வாரம் ரெண்டு டெஸ்ட். போற ஊர்ல பேசஞ்சர் இறங்குவான், நீங்க இறங்கக் கூடாது. டூட்டி முடிஞ்சா அவனவன் ரூமு."

"எத்தினி மாசம் பாய்?" என்றான் வாஜித்.

"எட்டு."

"எட்டு மாசமும் இறங்க முடியாதா?" என்றான் காலேப்.

"ஊர் சுத்தவா போறே? வேலைக்குத்தானே போறே," என்று பாய் சிரித்தார். "இனிமே கப்பல்னா இப்படித்தான் தம்பி. இதுக்கு ஒத்துக்கிறவன்தான் பொழைப்பான்."

வாஜித் துருவித் துருவிச் சந்தேகம் கேட்டான். காலேப் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பதில் சொன்னான். கப்பலைப் பற்றிப் பேசும்போது அவனுக்கே ஆசையாகக்கூட இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

ஒரு மாதம் கழித்து நாவலூரில் மெடிக்கல் டெஸ்ட். ஜெரூஷா வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள். ஜோவிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கேம்ப் ரோட்டில் பெட்ரோல் போட்டு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனார்கள். ஓ.எம்.ஆர். ரோட்டில் பாதி ஆபீஸ்கள் இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிக் கட்டடங்கள் வெறிச்சென்று நின்றன.

ரத்தம், எக்ஸ்ரே, கண், இதயம் எல்லாம் சரியாகப் போயின. கடைசியாகக் காது. ஓர் அறையின் மூலையில் அலமாரி மாதிரி ஒரு கூண்டு. உள்ளே ஒரு ஸ்டூல், சுவரெல்லாம் பஞ்சு அட்டை. கதவு ஒரு கையகலம் கனம். மெஹ்ரீன் என்ற டெக்னீஷியன் பெண் ஹெட்போனையும் ஒரு பட்டனையும் கொடுத்தாள்.

"பீப்னு சத்தம் கேட்டா அமுக்குங்க அண்ணா. பத்து நிமிஷம்தான்."

"கதவைச் சாத்தணுமா?"

"சாத்தினாத்தான் சரியா வரும்."

கதவைச் சாத்தினாள். ஒரு சின்னக் கண்ணாடி வழியாக மெஹ்ரீனின் நெற்றி மட்டும் தெரிந்தது. முதல் சத்தம் கேட்டது, அமுக்கினான். இரண்டாவது கேட்டது. மூன்றாவது வருவதற்குள் அவனுடைய மூச்சுதான் கேட்டது. பிறகு அது மட்டும்தான் கேட்டது. இன்னும் எட்டு மாதம் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. கால் தானாகக் கதவுக்கு அடியில் இடுக்கைத் தேடியது. இடுக்கே இல்லை. எழுந்து தள்ளினான். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளுகிறோம் என்று புத்திக்கு எட்டவில்லை. ஹெட்போன் ஒயர் கழுத்தில் சுற்ற, இரண்டு கைகளாலும் அடித்தான்.

மெஹ்ரீன் ஓடி வந்து திறந்தாள். "அண்ணா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வெளிய வாங்க. உட்காருங்க."

அவன் வராந்தாத் தரையில் உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஜெரூஷா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவன் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டாள். டாக்டர் வந்து நாடி பார்த்தார். கொஞ்சம் ஆறட்டும், மதியம் மறுபடி பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறொரு நாள் வாருங்கள் என்றார்.

எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. டீ ஆறிப்போகிறவரை காலேப் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். நாலாம் தளம், விளக்கு, துண்டு, கதவு இடுக்கு, எல்லாவற்றையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த பால்கனி?" என்றாள் ஜெரூஷா.

"நான் சுத்தம் பண்ண ரூம். யாரோ பேசஞ்சரோடது."

"டால்பின்?"

"பொய்தான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அந்த போட்டோவ நான் ஸ்கூல் ஸ்டாஃப் குரூப்ல போட்டேங்க. எங்க வீட்டுக்காரர் கடலைப் பாத்துட்டு ஜம்முனு இருக்காருன்னு எழுதினேன். நாலு சுவத்துக்குள்ள நான்தான் மாட்டிக்கிட்டேன், நீங்க மட்டும் காத்து வாங்கறீங்கன்னு உங்க மேல கோவமாக்கூட இருந்தேன். தெரியுமா?"

"சொன்னா நீ பயந்துடுவ."

"பயந்திருப்பேன். பயப்படக் கூடாதா? அதுக்குத்தானே பொண்டாட்டி?" குரல் உயர்ந்ததில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம் எதுக்கு மறுபடி கையெழுத்துப் போட்டீங்க?"

"நீ போகச் சொன்னியே."

"நான் எப்ப சொன்னேன்?"

"பெட்டிய எடுத்து வெயில்ல வச்சியே ஜெரு."

"பூஞ்சை புடிச்சிருந்துது, வச்சேன்!" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல சான்ஸ்னு நீங்க சொன்னீங்க. ஆசையா இருக்கீங்க, தடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."

அங்கிருந்தே பாய்க்குப் போன் செய்தான். பாய் முதலில் சமாதானம் சொன்னார். "காது டெஸ்ட்தானே, எனக்குத் தெரிஞ்ச வேற டாக்டர் இருக்காரு. கதவைத் திறந்து வச்சே முடிச்சுக் குடுப்பாரு. இதுக்குப் போயி பேஜாராவறே?"

ஒரு நிமிடம் காலேபுக்குச் சபலம் தட்டியது. டெஸ்ட்டைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு இருக்கும் அறையை யார் திறந்து வைப்பார்கள்?

"வேணாம் பாய். நான் போகல."

"யோசிச்சுப் பேசு. உன் இடத்துக்குப் பத்துப் பேரு நிக்கிறான்."

"அவங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க."

பாய் சலாம்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். அதற்குப்பிறகு ஆறு மாதம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரே வந்தாலும் முகம் கொடுக்கவில்லை.

நவம்பரில் வாஜித் போனான். ஜனவரியில் மறுபடி நோய் பரவி, கப்பல்கள் துறைமுகம் துறைமுகமாகத் திருப்பி அனுப்பப்பட்டதை டிவியில் காட்டினார்கள். ஜெரூஷா சேனலை மாற்றப் போனாள். இருக்கட்டும் என்று காலேப் முழுவதையும் பார்த்தான். வாஜித்தின் கப்பல் இரண்டு வாரம் கடலில் நின்றதாம். பிறகு சரியாகிவிட்டது. எட்டு மாதம் முடிந்து நல்லபடியாகத் திரும்பினான். சொல்லப்போனால் கொஞ்சம் சதை போட்டுத் திரும்பினான்.

அதற்குள் காலேபுக்கு நாவலூரில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. ஏழு மாடி. படியில்தான் ஏறி இறங்கினான். மேனேஜரிடம் முதல் நாளே, லிஃப்ட்ல ஏற எனக்குப் பயம் சார், என்று சொல்லிவிட்டான். அதைச் சொல்வதற்கு அவன் நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. மேனேஜர், பரவால்லப்பா, வேலை நடந்தா சரி, என்றார். தாம்பரம் அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் ஒருவரையும் நான்கு தடவை பார்த்துவிட்டு வந்தான். ஜெரூஷா ஸ்டாஃப் குரூப்பில் திருத்தம் எதுவும் போடவில்லை. ஜோவிதாவிடம் மட்டும் சொன்னார்கள். அவள், அப்ப டால்பின்கூடப் பொய்யா, என்று ஒரு நாள் முழுக்க அப்பாவோடு பேசவில்லை.

ஊருக்கு வந்த வாஜித் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சாக்லேட் டப்பாவோடு சேலையூருக்கு வந்தான். "இப்ப ரூல்ஸெல்லாம் எடுத்துட்டாங்கண்ணா. கப்பல் ஃபுல். ஊர் ஊரா இறங்கி சுத்தறோம். அடுத்த ட்ரிப் வாங்கண்ணா, பாய் உங்களைக் கேட்டுக்கினுதான் இருக்காரு," என்றான். காலேப் எல்லாவற்றையும் விசாரித்தான். எந்தத் தளத்தில் யார் சூப்பர்வைசர், இப்போதும் துண்டில் யானை செய்கிறார்களா, மெஸ்ஸில் சோறு எப்படி என்று. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

வாஜித்தை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தபோது ஜெரூஷா கேட்டாள்: "போகணும்னு தோணுதா?"

"தோணுது," என்றான். இப்போது அவளிடம் பொய் சொல்வதில்லை. "போக முடியாது. ஆனா தோணுது."

அவள் தலையாட்டினாள். எறும்பு வருவதற்குள் சாக்லேட் டப்பாவைப் பிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் அவனுக்குக் காலை ஷிஃப்ட். சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தான்.