லென்ஸுக்கு ஒரு தோள்

ஐந்து கிலோ கனமுள்ள அந்த நீளமான கேமரா லென்ஸைப் பொன்னி கடைசி முறையாகத் துடைத்து வைத்தாள். மறுநாள் மாலை அது சென்னைக் கடைக்குப் போய்விடும். அதைக் கொடுத்துவிட்டுக் கைக்கு அடக்கமான சிறிய லென்ஸ் ஒன்றை வாங்குவதென்று முடிவாகியிருந்தது. வலத்தோள் இறுகிப்போய்த் தலைவாரக்கூடக் கை எழும்பாதவளுக்கு வேறு வழி ஏது?

ஆனால் சிறிய லென்ஸ் என்றால் பறவையை நெருங்கியாக வேண்டும். முசரவாக்கம் ஏரியில், அல்லி இலைகளின்மேல் ஓர் இலைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த இனத்தில் அடைகாப்பது ஆண். ஆள் நெருங்கினால் அது முட்டைகளை விட்டு ஓடிவிடும். காகங்கள் அதற்காகவே காத்திருக்கும். சென்ற ஆண்டு இடுப்பளவு நீரில் இறங்கி, கைதட்டிப் பறவையைக் கிளப்பிப் படமெடுத்த இருவரால் ஒரு கூடு பாழாயிற்று. படமெடுக்கத் தெரிந்தவர்கள் செய்யும் காரியமா அது? ஊரார் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்து தொட்டிலைப் படமெடுப்பவனுக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

"சின்னத வாங்கினா, இனிமே கொக்கும் காக்காவுந்தான்," என்றாள் பொன்னி.

அவள் கணவன் பழனி ஆட்டோ ஓட்டுபவன். திருவிழா நாட்களில் கோயிலில் சுவாமி தூக்குபவன். பல்லக்குத் தண்டு அழுந்தி அழுந்தி அவன் தோள் காய்த்துப்போயிருந்தது.

"உன் தோளு போனா இன்னா? என் தோளு சும்மாதான இருக்குது."

"இது இன்னா சாமியா, நீங்க தூக்கறதுக்கு?"

"நீ அதுக்குப் பண்ற அலங்காரத்தப் பாத்தா அப்டித்தான் தோணுது."

விடிந்ததும் ஏரிக்கரைச் சரிவில் அவன் ஒரு படி கீழே நின்றான். துண்டை மடித்து அவன் தோளில் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்துக்கொண்டார்கள். நட்ட நடு ஏரியிலிருந்த இலைக்கோழி, கைக்கெட்டும் தொலைவுக்கு வந்ததுபோல் தெரிந்தது. குஞ்சுகள் பொரிந்திருந்தன! பொன்னி படபடப்போடு கேமராப் பொத்தானை அழுத்தினாள். எடுத்த படங்கள் எல்லாமே கலங்கல்.

"ஆடாதீங்க!"

"நான் எங்கம்மா ஆடறேன்?"

ஆடத்தான் செய்தான், இடமும் வலமுமாக, மெல்ல, ஒரே தாளத்தில். தோளில் கனம் ஏறியதுமே, சுவாமியை அசைத்து அசைத்து அழைத்துச் செல்லும் அந்த நடை அவன் உடம்பில் தானாக எழுந்துவிட்டது. அவன் மூச்சைப் பிடித்து நின்றும் அது அடங்கவில்லை. பொன்னிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மேளம் ஒன்னுதான் கொறச்சல். விடுங்க, போவலாம்."

"இரு. சாமி நின்னா நாங்க தோள எடுத்துடுவோம்பா. கனத்த வேற ஒன்னு வாங்கிக்கும்."

பல்லக்கு நிற்குமிடங்களில் தண்டுக்கு முட்டுக்கொடுக்கும் கவட்டைக் கம்பு, போன திருவிழாவிலிருந்து ஆட்டோவிலேயே கிடந்தது. அதைக் கொண்டுவந்து மண்ணில் ஊன்றி, கவட்டையில் துண்டைச் சுற்றி, லென்ஸை அதன்மேல் அமர்த்தினான். காட்சி அசையாமல் நின்றது.

அப்போது பார்த்துத் தூறல் விழுந்தது. லென்ஸின் மழையுறையோ, கடைக்குக் கொடுப்பதற்காகக் கட்டிவைத்த பெட்டிக்குள் இருந்தது. பழனி சட்டையைக் கழற்றி, லென்ஸுக்கு மேலே கூரைபோல் விரித்துப் பிடித்தான்.

ஏரியில் அந்த ஆண்பறவை இறக்கைகளைச் சற்றே தாழ்த்தியது. குஞ்சுகள் ஓடிவந்து உள்ளே புகுந்துகொண்டன. அது எழுந்து நடந்தபோது, இறக்கைகளின் கீழே நூல்போன்ற கால்கள் தொங்கின. பொன்னி அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி காலு பாரு அதுக்கு!" என்று திரையைப் பார்த்து வியந்தான் பழனி. அவன் தலையிலிருந்து நீர் சொட்டியது.

மழை விட்டதும் பொன்னி, லென்ஸின் விளிம்பில் ஒரு துளியும் தங்காதபடி அதற்குரிய துணியால் பொறுமையாக ஒற்றியெடுத்தாள். பிறகுதான் கம்பிலிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தாள்.

"மொதல்ல அதுக்கு, அப்புறந்தான் எனக்கா?"

"அதுக்குப் பூசணம் புடிக்கும். உங்களுக்குப் புடிக்காது."

"சரி, சென்னைக்கு எப்போ கெளம்பணும்?"

"போவல," என்றாள் பொன்னி. "தலயக் குனிங்க. எனக்குக் கை எட்டல."

அவன் குனிந்தான்.