ஆறு போதும் என்றாள் அக்கா

அக்கா ஒரு கிடங்குக்குத் திட்டம் போடும் அழகைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வெறும் தரையில் சாக்பீஸால் கோடு கிழிப்பாள். தம்பியைத் தள்ளுவண்டியோடு வளைந்து திரும்பச் சொல்வாள். அவன் எங்கே கோட்டைத் தாண்டுகிறானோ அங்கே பாதையை அகலமாக்குவாள். எந்த லாரி எப்போது வரும், வண்டி ஓட்டுகிறவர் எப்போது சாப்பிடப் போவார், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அப்படிப்பட்டவள் புதுக் கிடங்குக்குச் சொன்னாள்: "சரக்குத் தூக்குற ஃபோர்க்லிப்ட் வண்டி ஆறு போதும்டா."

ஆறு போதாமல் போனால் என்று தம்பிக்குப் பயம். கிடங்கில் சரக்கு வைக்க வரும் பிஸ்கட் கம்பெனிக்காரர் முதல் நாள் வேலையைப் பார்த்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். அவர் போய்விட்டால் அவ்வளவு பெரிய கிடங்கில் காற்றைத்தான் அடுக்க வேண்டும். வழக்கமாக அக்கா ஒன்று சொன்னால் இவன் ஒன்பது சொல்வான். அன்று மட்டும் "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் இரண்டு வண்டிகளை வாடகைக்குப் பிடித்துப் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடினான். பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு!

முதல் நாள் காலையில் ஆறு வண்டிகளும் பம்பரமாய்ச் சுழன்றன. மத்தியானம் வந்தது வினை. எங்கோ பாதை அடைத்துக் கிடந்து, வர வேண்டிய லாரிகள் அத்தனையும் மொத்தமாக வாசலில் வந்து நின்றன. கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

தம்பி கொட்டகைக்கு ஓடினான். பாதி வழியில்தான் பொறி தட்டியது. அடப்பாவி! அவை பேட்டரி வண்டிகள். ஒரு வாரமாய்ச் சும்மா கிடக்கின்றன, சார்ஜ் போட அங்கே ப்ளக்கே கிடையாது. ஓட்ட ஆள்? அதையும் யோசிக்கவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

சுவரில் புத்தம் புதிதாக இரண்டு ப்ளக். தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு வண்டியிலும் பச்சை விளக்கு. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"அக்கா இங்கயே இருக்கச் சொன்னாங்கண்ணே. நீங்க ஓடி வருவீங்கன்னாங்க."

பொழுது சாய்வதற்குள் கடைசி லாரியும் காலியானது. கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். தம்பியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீ சண்டை போடாம 'சரிக்கா'ன்னியே, அப்பவே தெரியும். எதையாவது ஒளிச்சு வைப்பேன்னு பின்னாடி போய்ப் பார்த்தேன்."

"திட்டியிருக்கலாமே?"

"எதுக்குத் திட்டணும்? நீ இவ்வளவு பயந்தா அதுல ஏதோ இருக்கும். என் ஆறு இன்னிக்குத் தப்பாப் போச்சு பாரு, உன் பயம்தான் காப்பாத்துச்சு."

இவ்வளவு பெரிய கெட்டிக்காரி தன் தப்பை இத்தனை லேசாகச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியது.

"அடுத்த தடவை ஒளிச்சு வைக்காதடா," என்றாள் அக்கா. "வாயைத் திறந்து சண்டை போடு. நீ போடுற சண்டையையும் சேர்த்துத்தான் நான் கணக்குப் போடுறேன்."