வண்டி வராத வாரம்

சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரரை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்துத் தள்ளி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தொடையெலும்புக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. நடையில் சாய்வுகூட இல்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், பிடரி இறுகிப்போகும், கால் அப்படியே நின்றுவிடும். பெரிய தெரு வழியாகக் கடைக்குப் போவதை விட்டுவிட்டு, சந்துபொந்தெல்லாம் புகுந்து நடந்தார். எங்காவது பேருந்தில் போக நேர்ந்தால் கடைசி இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வார். சைக்கிள், கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு மேலே கொக்கியில் தொங்கியது. தேய்த்த தூள் அதன் மேல் மாவு தூவினாற்போல் படிந்திருந்தது.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர், ஃபிரிட்ஜ் மெக்கானிக். வயதில் நன்றாக இளையவர், வாய் ஓயாதவர். விபத்துக்கு முன்னால் ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்துதான் ஊரைச் சுற்றுவார்கள். "அக்கா தங்கச்சியைக் கட்டினதுல நமக்குக் கிடைச்ச ஒரே லாபம் இந்த சைக்கிள் சவாரிதாண்ணே" என்பார்.

ஒருநாள் அவர் கடைக்குள் மூச்சு வாங்க வந்தார். கடைக்காரர் ஒரு பள்ளி ஆசிரியையின் கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த மலை ரோட்டுல பனியெல்லாம் அள்ளிட்டாங்களாம். அடுத்த வாரம் முழுக்க சைக்கிளுக்கு மட்டும்தான் விடறாங்க. அதுக்கப்புறம்தான் கார், லாரி எல்லாம்."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"ஒரு வண்டி வராதுண்ணே. ஒண்ணே ஒண்ணுகூட."

"ரோட்டுல வராது. என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கே, அதை யார் நிறுத்தறது?"

மெக்கானிக் பின்னறைக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கொக்கியிலிருந்து சைக்கிளைக் கழற்றிக் கீழே இறக்கினார். துணியால் அதன் கைப்பிடியை மட்டும் துடைத்துவிட்டுப் போய்விட்டார். மீதியைக் கடைக்காரர் அன்று மாலை தானே துடைத்தார்.

மலையடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு கம்பம் இருந்தது. காவலாளி அதைத் தூக்காமல், ஓரத்திலிருந்த சைக்கிள் வழியைக் காட்டினார். "மழை மாதிரி தெரிஞ்சா மேல இருந்தே திரும்பிடுங்க. அந்தப் பக்கம் பாதி இறக்கத்துல பாறை சரிஞ்சு கிடக்கு. சரிபண்றவங்க இருக்காங்க. மத்தபடி ஆள் நடமாட்டம் கிடையாது" என்றார்.

முதல் வளைவுகளில் கடைக்காரர் நொடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் சாலை. ஒரு பெண்கள் கூட்டம் சிரித்துக்கொண்டே இவர்களைக் கடந்து ஏறிப் போனது. அப்புறம் சங்கிலி பல்லில் ஏறி இறங்கும் ஓசையும், இருபுறமும் ஆள் உயரத்துக்கு வெட்டி நிறுத்தியிருந்த பனிச் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசையும் மட்டும். சாலை முழுதும் அவருடையதாக இருந்தது. ஓரத்தை விட்டு மெல்ல நடுவுக்கு வந்தார். அங்கேயே ஓட்டினார். வெகுநேரம் கழித்துத்தான், தான் திரும்பிப் பார்ப்பதையே மறந்துவிட்டது அவருக்கு உறைத்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியது, மூச்சுத்தான் இல்லை.

மெக்கானிக்குக்கு எல்லாவற்றுக்கும் மூச்சு இருந்தது. "ஃபிரிட்ஜுக்குள்ள கையை விட்டு வேலை பார்த்த எனக்கு, ஃபிரிட்ஜுக்குள்ளயே ரோடு போட்டு வெச்சிருக்காங்கண்ணே!" என்று கத்தினார்.

உச்சியில் சாத்திக் கிடந்த ஒரு கொட்டகையின் சுவரோரமாக உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். மற்றவர்களெல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். இவர்களுக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் அறை போட்டிருந்தது. வானம் தெளிவாகத்தான் இருந்தது. இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலேறி வந்து இருவரையும் விழுங்கிவிட்டது.

முன்னால் போன மெக்கானிக்கின் சிவப்பு விளக்கு ஒரு வளைவில் மறைந்தது. பிறகு தகரத்தை இழுத்தாற்போல் ஒரு சத்தம்.

பனி உருகிய இடத்தில் சரளை பரவிக் கிடந்தது. சக்கரம் வழுக்கி, அவர் போய் தடுப்புக்கல்லில் மோதியிருந்தார். தலைக்கவசம் பிளந்திருந்தது. தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. கால் ஊன்ற முடியவில்லை.

"அண்ணே, சைக்கிளுக்கு என்ன ஆச்சு?"

"வாயை மூடு."

கடைக்காரர் அவரைத் தாங்கிப் பிடித்துக் காற்று படாத பனிச்சுவரின் மடிப்புக்கு நகர்த்தினார். பையை அடியில் போட்டு உட்காரவைத்தார். தன் குளிர்ச்சட்டையையும் கழற்றிப் போர்த்தினார். கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. யாராவது வருவார்களா என்று காதைத் தீட்டிக் கேட்டார். இத்தனை நேரம் அவரைத் தாலாட்டிய அதே அமைதிதான் பதிலுக்கு வந்தது. ஒரு வண்டி வராது. ஒண்ணே ஒண்ணுகூட.

மெக்கானிக்கின் பல் கிட்டியது. "நீங்க போய் யாரையாவது கூட்டிட்டு வாங்கண்ணே. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்."

"தூங்கிடாதே. பாட்டு பாடு."

"நான் பாடினா பனி சரிஞ்சிடும்."

கடைக்காரர் மெல்லிய சட்டையோடு இறங்கினார். முன்சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விரல்கள் பிரேக்கின் மேல் மரத்துப்போயின. பாறை சரிந்த இடம் எவ்வளவு தூரமோ, அங்கே வேலை செய்தவர்கள் இந்த மூடுபனிக்கு வீடு திரும்பிவிட்டார்களோ என்று நினைத்தபோது, கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கனத்த எஞ்சின். ஏறி வந்துகொண்டிருந்தது.

அவர் உடம்பு அவரைக் கேட்கவில்லை. காலை ஊன்றி, சைக்கிளோடு ஓரத்துப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டார். ஓரத்தில் நின்றால் இந்த வெள்ளையில் யார் கண்ணிலும் படமாட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் புத்திக்கு எட்டியது. திரும்பி நடந்தார். சாலையின் நடுவில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, விளக்கைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்தார். சைக்கிள் கைக்குள் கடகடத்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். மூடுபனி மஞ்சளானது. அவர் கண்ணை மூடவில்லை.

லாரி கிறீச்சிட்டு நின்றது. முன்பக்கத்து வெப்பம் அவர் முகத்தில் அடித்தது.

"சாகறதுக்கு வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு கத்தினார். பெண் குரல். சாலைப் பணியாளர்களின் ஆரஞ்சுச் சட்டை.

கடைக்காரர் விளக்கைக் கீழே இறக்கினார். மேலே கையைக் காட்டினார். அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "ஏறுங்க, ஏறுங்க. போய்க்கிட்டே சொல்லுங்க." சைக்கிளைத் தூக்கி மண்வெட்டிகளோடு பின்னால் போட்டார்.

முன்னிருக்கையில் உட்கார்ந்த கடைக்காரர் கதவுப்பிடியை விடவே இல்லை. ஓட்டுநர் மூக்கு லாரியின் முன்கண்ணாடியில் இடிக்கும்படி குனிந்து, புறங்கையால் ஆவியைத் துடைத்துத் துடைத்து ஊர்ந்தார். அந்தக் கண்ணாடி வழியாகக் கடைக்காரரும் பார்த்தார். எதுவுமே தெரியவில்லை. தன்னை இடித்த வேன்காரன் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நின்றதும், தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதும் ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

"மேல இருக்கறவர் உங்க கூடப்பொறந்தவரா?"

"சகலை."

"சகலைக்கா லாரி முன்னாடி நின்னீங்க?" அவர் சிரித்தார். "என் ஓரகத்தியா இருந்தா நான் இந்நேரம் டீ குடிச்சிட்டுப் போயிருப்பேன்."

மெக்கானிக் அரைக்கண்ணோடு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். தட்டி எழுப்பியதும், "பாடி முடிச்சிட்டேன்" என்று முனகினார். இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி முன்னால் நடுவில் வைத்தார்கள். கீழே நகரத்து ஆஸ்பத்திரி வரைக்கும் கடைக்காரர் அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதற்காகக் கதவுப்பிடியை விடவேண்டியிருந்தது.

காறையெலும்பு உடைந்திருந்தது, கணுக்கால் பிசகியிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். செய்தி கேட்டு மறுநாள் ஓடி வந்த மெக்கானிக்கின் மனைவி, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களைத் தேத்திக் கூட்டிட்டு வரேன்னு கிளம்பின ஆளு இது, மாமா. பாருங்க லட்சணத்தை!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

தாழ்வாரத்துக்கு வந்து கடைக்காரர் தன் மனைவியிடம் போனில் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், "இருங்க. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நீங்க எப்படி வந்தீங்க?" என்றாள்.

"லாரியில."

"பின்னாலயா?"

"முன்னாடி. முன் சீட்டுல."

மறுமுனையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சரி," என்றாள். "சாப்பிட்டீங்களா?"