அபி என்ன ஆளு?

தெரிந்த சேதியைச் சொல்லாமல் வைத்திருப்பது மணிமுத்துவுக்கு வயிற்றுவலி மாதிரி. அன்றைக்கு அவன் வைத்திருந்தது சின்னச் சேதி இல்லை. பிளஸ் ஒன்னுக்குப் புதிதாக வந்திருக்கும் அபி என்ன ஆளு என்பது.

பையன்களில் முக்கால்வாசிப் பேர் கையில் கயிறு உண்டு. கலரைப் பார்த்தாலே என்ன சாதி என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அறுத்துப் போட்டால், சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ் மேலகரம் தாண்டுவதற்குள் புதுக் கயிறு ஏறிவிடும். திருவேங்கடத்திலிருந்து வந்த அபியின் கையோ மொட்டை. பேரை வைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டால் சிரிக்கிறான். "சோத்து மணி அடிக்கட்டும், சொல்லுதேன் பாருங்கலே" என்று மணிமுத்து சவால் விட்டிருந்தான். திருவேங்கடத்தில் கடை வைத்திருக்கும் மாமாவிடம் போன் போட்டு முந்தின நாளே விசாரித்தாயிற்று. இனி மணி அடிப்பதுதான் பாக்கி.

அதற்கு முந்தின பீரியட், இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து எடுக்கும் பாடம். உலகம்மை டீச்சர் ஒரு நாவலை வாசிப்பார். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் மாட்டிக்கொண்ட ரேச்சல் என்ற யூதப் பெண்ணின் கதை. யார் எதைக் கேட்டாலும், நிஜத்தில் நடந்ததை வரலாற்று ஆசிரியர் யாசர் சார் சொல்வார். யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்றதை முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைய அத்தியாயத்தில் ரேச்சல், கோட்டில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிரித்துவிட்டு ரொட்டி வாங்கப் போகிறாள்.

மணிமுத்து எழுந்தான். "சார், சொந்த ஆளுக அடையாளத்த யாராவது பிய்ப்பாங்களா? கெத்துக்குத்தான தச்சிருப்பாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பாதி வகுப்பு அப்படித்தான் நினைத்திருந்தது.

"ஆசைப்பட்டுத் தைக்கலடே. சட்டம் போட்டுத் தைக்க வச்சாங்க. அந்தத் துணியையும் அவங்கதான் காசு கொடுத்து வாங்கணும்" என்றார் யாசர் சார்.

"நாமளும் கயித்தக் காசு கொடுத்துதான் வாங்குதோம்" என்றது கடைசி பெஞ்சு. சிரிப்பு கிளம்பிப் பாதியிலேயே அடங்கிவிட்டது.

வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத அபி கேட்டான். "நட்சத்திரத்த எடுத்துட்டா எல்லாரும் ஒண்ணுபோலதான இருப்பாங்க? பெறகு எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?"

"அரசாங்கத்துக்கிட்ட பேரெல்லாம் இருந்துச்சு. அது போக, தெரிஞ்சவங்க காட்டிக் கொடுத்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க, கூடப் படிச்சவங்க."

"எதுக்கு சார்?" மணிமுத்துவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சில பேரு காசுக்கு. சில பேரு பயந்துபோயி. சில பேரு சும்மா, தனக்குத் தெரியும்னு காட்டிக்கிடுததுக்கு."

மணிமுத்துவுக்குக் காது சுட்டது. சார் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறாரோ? அவர் பாட்டுக்குக் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் பையன்கள் மொய்த்துக்கொண்டார்கள். "சொல்லுலே."

"மாமா போன எடுக்கல" என்றான் மணிமுத்து.

"இவரு பெரிய சிஐடி!" என்று தலையில் தட்டிவிட்டுப் போனார்கள். அவமானமாகத்தான் இருந்தது.

குழாயடியில் கை கழுவும்போது அபி பக்கத்தில் வந்து நின்றான். "ஒங்க மாமா நேத்து எங்க பழைய தெருவுல போயி, மருமவன் கேட்டான்னு சொல்லி விசாரிச்சிருக்காரு. அங்கன இருந்து அம்மைக்குப் போன் வந்துச்சு. அழுதுட்டே இருக்கா. இதுக்குப் பயந்துதான் அந்த ஊரையே விட்டு வந்தோம்."

மணிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் சொல்லலடே. சத்தியமா யார்ட்டயும் சொல்லல."

"சரி. நாளைக்கு?"

மணிமுத்துவுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். அபி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.