மாறாத டப்பா

ஹாரனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். சொந்தப் பேரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது, குரலைக் கேட்டு யாரோ வைத்த பேர்தான் நிலைத்துவிட்டது. அவருக்குப் போய் எழுபது வயசில் காதல் வந்து தொலைத்தால் யாரிடம் சொல்லி அழுவது? மகளிடமா? சட்டைக்கு இஸ்திரி போட்ட பாவத்துக்கு, ஆராய்ச்சிக்குப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா என்று அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

ஆராய்ச்சி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வயசானால் உடம்பில் சதை கரைகிறது. புரதம் கூடுதலாகக் கொடுத்தால் கரைவது குறையுமா என்று பார்க்கிறார்கள். மாசம் ஒருமுறை ஆஸ்பத்திரி மாடிக்குப் போக வேண்டும். போனதும் ஆளுக்கு ஒரு மாவு டப்பா கொடுப்பார்கள். அதைப் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு உடற்பயிற்சி, பிறகு கைப்பிடியின் பலத்தை அளக்கிற சோதனை. பாதிப் பேர் டப்பாவில் புரதம், மீதிப் பேர் டப்பாவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை டப்பா, அடியில் அவரவர் எண் மட்டும் பொடி எழுத்தில் இருக்கும்.

பயிற்சியில் ஹாரனுக்கு ஜோடியாக வாய்த்தவர் டெலிபோன் அம்மா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர், கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. தேன் ஒழுகப் பேசுவார், ஆனால் வாயைக் கொடுத்தால் மீள முடியாது.

ரெண்டு மாசத்திலேயே ஹாரனுக்குக் கையில் பிடி கூடியது. ஆகா, நம்ம டப்பாதான் அசல் சரக்கு என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். டெலிபோன் அம்மாவோ நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். மனசு கேட்குமா? அந்த அம்மா கை கழுவப் போன நேரம் பார்த்து, அவர் பையில் தன் டப்பாவை வைத்து அவருடையதைத் தூக்கிக்கொண்டார். அதுமுதல் மாசாமாசம் இதே திருட்டு வேலை.

இன்றைக்குக் கடைசி நாள். காலி டப்பாக்களை எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். உங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் என்ன சாப்பாடு சொல்றதுன்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறோம் என்று டாக்டரம்மா சொன்னதும், ஹாரனுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதையாகிவிட்டது. வாயைத் திறந்தால் டெலிபோன் அம்மா, சீ, இவ்வளவுதானா இந்த ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். திறக்காவிட்டால் ஊருக்கெல்லாம் தப்புக் கணக்குப் போகும். கடைசியில் ஹாரன் டாக்டரம்மாவின் மேஜைக்குப் போய், டப்பா மாற்றியதை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். ரகசியமாகத்தான் சொன்னார். அவர் குரலுக்கு அது மாடி முழுக்கக் கேட்டது.

டாக்டரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பதறிப்போய் ஹாரன் கொண்டுவந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். அத்தனையிலும் ஹாரனின் எண்ணேதான்.

"நீங்க மாத்தினது நிஜம்னா, வேற யாரோ திருப்பி மாத்தியிருக்காங்க" என்றார் டாக்டரம்மா.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டெலிபோன் அம்மா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஹாரன் பயந்து கிட்டே போனால், அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

அவருக்கும் பிடி கூடியிருந்ததாம். தன்னுடையதுதான் அசல் என்று அவரும் நினைத்தாராம். இந்த மனுஷன் படி இறங்கும்போது முட்டியைப் பிடிக்கிறதைப் பார்க்கப் பொறுக்காமல், ஹாரன் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பையில் கையை விட்டாராம். ரெண்டு பேரும் பாடுபட்டு மாற்றி மாற்றி, அவரவர் மாவை அவரவரே தின்றிருக்கிறார்கள். ஆராய்ச்சி பிழைத்த சந்தோஷத்தில் டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஹாரனுக்குத் தலைகால் புரியவில்லை. நமக்காக ஒருத்தி திருடியிருக்கிறாள். அதே வேகத்தில் பயமும் பிடித்துக்கொண்டது. நாளைமுதல் இந்த மாடியும் இல்லை, பயிற்சியும் இல்லை, எந்தச் சாக்கில் பார்ப்பது?

"இனிமே மாத்திக்க டப்பா இல்லையேங்க" என்றார்.

டெலிபோன் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "டப்பா இல்லாட்டி என்ன? மோதிரம் மாத்திக்கலாமே" என்றார்.

ஹாரன் டாக்டரம்மா பக்கம் திரும்பி, நகைக்கடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டார்.