ஒன்பது பெரிதா, பத்து பெரிதா

கூடம் நிறையக் கணினிகள். ஆள் என்று பார்த்தால் அவள் ஒருத்திதான். விடுமுறை நாளில்தான் அலுவலக மென்பொருளின் ஒன்பதாம் பதிப்பை எடுத்துவிட்டுப் பத்தாம் பதிப்பை ஏற்ற முடியும். அவள் எழுதிய ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன நிரல், ஒவ்வொரு கணினியாகப் போய், உன்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று கேட்கும். பழையதென்றால் புதியதை ஏற்றும். திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் வரை பேச்சுத்துணைக்குச் சோடாபுட்டி இருந்தார். கண்ணாடி அப்படி, தன்னை அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். இருவரும் ஒப்பந்த ஆட்கள், மேசைக்கடியில் தவழ்ந்து தவழ்ந்து முட்டி தேய்ந்தவர்கள். "இந்த வேலைய நல்லபடியா முடிங்க, நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசலாம்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்து ஸ்கிரிப்ட் எழுதினாள்.

முதல் தடவை ஓட்டியபோது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எல்லாவற்றிலும் புதிய பதிப்பே இருக்கிறதாம். உண்மையில் ஒன்றில்கூட ஏறவில்லை. சோடாபுட்டி திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பதிப்பு எண்ணை எழுத்தா வச்சு, முதல் எழுத்த மட்டும் பாக்குதும்மா. பத்துல முதல்ல நிக்கறது ஒண்ணு. ஒண்ண விட ஒன்பது பெருசுதான? அதான் ஒன்பதையே புதுசுன்னு நெனச்சுக்குது. எண்ணாவே பாக்கச் சொல்லு."

"இதுகூடத் தோணல பாருங்கண்ணா."

"எனக்கு மட்டும் தோணுச்சா? ஒருவாட்டி திட்டு வாங்கிக் கத்துக்கிட்டதுதான்."

ஒரே வரி. அவர் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். அதன்பிறகு அது தப்பே செய்யவில்லை. கையால் ஏற்ற ஆள் வேண்டாமென்று அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது "நல்லா வருவம்மா" என்று வேறு சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிறகு கூப்பிட்டுப் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பாதிக்கு மேல் இறங்குவதில்லை.

கடைசி வரிசை மட்டும் பாக்கி இருந்தபோது மேலாளர் வந்தார், கூடவே வரவேற்பு மேசைப் பெண்ணும்.

"எந்த அளவுல இருக்கு?"

"இந்த வரிசைதான் சார். ஒரு பட்டனத் தட்டினாப் போதும். தானே ஏத்திட்டு, சரியா ஏறிச்சான்னும் தானே பாத்துக்கும்."

சொல்லும்போது பெருமையில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நிரந்தரத்தைப் பற்றி இப்போதே கேட்டுவிடலாமா என்று வாய் வரை வந்தது.

"அப்ப யார் வேணாத் தட்டலாம்" என்றார் மேலாளர். "உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதில்ல? அதுக்குள்ள இவங்களுக்குக் காட்டிக் குடுத்துருங்க."

அங்கே இருந்தது ஒரு நாற்காலிதான். சோடாபுட்டியுடையதை அவர் போன மறுநாளே எடுத்துப் போயிருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள். வரவேற்பு மேசைப் பெண் கூச்சத்தோடு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எதைக்கா தட்டணும்?"

அவள் விரல் நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் தட்டினாள். கடைசி வரிசைத் திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கொஞ்ச நேரத்தில், யார் கையும் படாமல், ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.