கரையில் நின்றவள்

மேற்கே மலைத்தொடர் முகிலைத் தலைப்பாகையெனச் சூடி நிற்க, அதன் அடியில் முல்லையாறு வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நீரூட்டியவாறு நெளிந்தோட, அனுமந்தன்பட்டியின் திராட்சைப் பந்தலொன்றின் கீழ், இலைகளினூடே சொட்டிய காலை வெயிலில் பதினொருவர் பாயில் அமர்ந்திருந்தனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் தைத் திங்கள் அது. கோபுரமும் மணியும் அற்ற அப்புதிய திருச்சபைக்கு உறுதிகள் இரண்டே: அறிந்து நம்பியவரே ஆற்றில் முழுதும் மூழ்கித் திருமுழுக்குப் பெறுவர், எதையும் போதகன் தனித்து முடிவு செய்யான், உயரும் கைகளே முடிவு செய்யும்.

அன்று அக்கைகள் முடிவு செய்ய வேண்டியிருந்ததோ, இளம்போதகன் வேல்பாண்டியின் மனைவி முருகம்மாளைப் பற்றி. அவளோ, அப்பதினொருவரோடு சேராமல் பந்தலோரத்தில் அமர்ந்திருந்தாள். சிறுவயதில் தன் தம்பியை வெள்ளம் வாரிச் சென்றதைக் கண்ணெதிரே கண்டவள் அவள். நம்பிக்கையில் எவர்க்கும் குறையாதவளாயினும், மும்முறை ஆற்றிலிறங்கி, முழங்காலளவு நீரிலேயே நடுங்கித் திரும்பியவள். மூழ்காதவளுக்கு, ஆண்டவரின் நினைவாக அப்பமும் திராட்சைச்சாறும் பகிரும் திருவிருந்தில் இடமுண்டா?

மனைவிக்காக நெறியை வளைத்தான் என்னும் பழிக்கு அஞ்சிய வேல்பாண்டி, நெஞ்சு கனக்க, இடமில்லை என்று முதற்கையை உயர்த்தினான். ஐவர் அவனைப் பின்பற்றினர்.

"ஏய்யா, இன்னிக்கு வீட்டுல கஞ்சி கெடைக்கணுமா, வேணாமா?" என்று சபையின் மூத்தவளான மூக்கம்மாள் வேல்பாண்டியைக் கேட்க, பந்தலே நகைத்தது. நகைப்பு அடங்குமுன் அவள் தொடர்ந்தாள்: "ஆண்டவரு பக்கத்துல சிலுவையில தொங்குனானே கள்ளன், அவன் எந்த ஆத்துல முங்குனான்? அவனையும் மோட்சத்துக்குக் கூட்டிக்கிட்டுத்தான போனாக?"

கண்டிப்புக்குப் பேர்போன கர்ணன், உயர்த்திய கையை மெல்லத் தாழ்த்தினான். "முருகம்மாக்கா இங்கன இல்லாட்டி எனக்கும் அப்பம் எறங்காது" என்றான். இடமுண்டு என்று ஆறு கைகள் உயர, முடிவு ஆறுக்கு ஐந்தாயிற்று.

அப்பந்தலின் பழங்களையே பிழிந்த சாற்றையும் அப்பத்தையும் ஏந்தி வந்த கணவனை நோக்கி, "தோத்துட்டீகளா?" என்று முணுமுணுத்தாள் முருகம்மாள், விழிநீரினூடே குறும்பு மின்ன.

"தோத்துட்டேன் புள்ள. நல்லவேளை."

திருமுழுக்கு நம்பினோர்க்கு, திருவிருந்தோ, மூழ்கினும் மூழ்காவிடினும், நம்பினோர் யாவர்க்கும் மறுப்பின்றி என்பது அன்றுமுதல் அச்சபையின் மூன்றாம் உறுதியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் முருகம்மாள் மூழ்கினாளில்லை. மூழ்குமாறு எவரும் அவளை வற்புறுத்தினாருமில்லை. ஆயினும், ஒவ்வொரு திருமுழுக்கின்போதும், உலர்ந்த துண்டுகளை மார்போடணைத்துக் கரையில் நிற்பவள் அவளே. குளிரில் நடுங்கி எழுவோரை முதலில் போர்த்தும் கைகளும் அவளுடையவையே. இடுப்பளவு நீரில் நின்று அதனை நோக்குந்தோறும் வேல்பாண்டி, தன்னைத் தோற்கடித்த அந்த ஆறு கைகளுக்காக இறைவனுக்கு நன்றி நவில்கின்றான்.